சப்வூஃபர் ஊமையாகிவிட்டால்: அறிகுறியைக் கொண்டு பிழையைத் தேடும் முறை

ஹோம் தியேட்டரில் மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒழுங்காக ஒலிக்கும்போது தாழ்ந்த ஒலியைத் தரும் சப்வூஃபர் மட்டும் ஓசையற்றுப் போனால், ஸ்பீக்கர் எரிந்துவிட்டது அல்லது உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பழுது பார்க்கும் மேசைக்கு வந்து சேரும் சப்வூஃபர்களில் கணிசமானவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. வீட்டிலேயே ஒரு கேபிளை மாற்றிப் பார்த்திருந்தாலோ, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ஒலியைப் பிரித்தனுப்பும் ரிசீவரின் மெனுவில் ஒரு வரியைச் சரிசெய்திருந்தாலோ அந்தக் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கவே வேண்டியதில்லை. ஆகவே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன், சிக்னல் எந்த இடம் வரை வந்து நின்றுபோகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். அது தெரிந்துவிட்டால் மீதி வேலை சிறியது.

தொடங்கும் முன் இரண்டு விதிகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கேபிளைச் செருகினாலும் பிடுங்கினாலும் அதற்கு முன் சப்வூஃபரின் வால்யூம் திருகை முழுவதும் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் கேபிளின் பின் உள்ளே போகும்போது எழும் ஓசையே, ஸ்பீக்கரின் கோனை (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு) ஆட்டும் கம்பிச் சுருளான காயிலுக்குக் கேடாகலாம். பின்புறத் தகட்டைத் திறக்கக் கூடாது. 230 வோல்ட் நேரடியாக உள்ளே வரும் பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி. தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில போர்டுகளில் அது உடனே இறங்குவதில்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சுவர் பிளக்கில் செருகும் பவர் கார்டு தனியாக இருந்து, ரிசீவரிலிருந்து ஒற்றை ஆர்.சி.ஏ. கேபிள் வந்தால் அது ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே அமைந்த சப்வூஃபர். கீழே உள்ள முதல் நான்கு அறிகுறிகள் அதற்கானவை. பவர் கார்டே இல்லாமல் இரண்டு ஸ்பீக்கர் வயர்கள் மட்டும் வந்தால் ஐந்தாவது அறிகுறிக்குச் செல்லுங்கள். பவர் கார்டு மட்டும் இருந்து வேறு எந்த வயரும் இல்லாவிட்டால் அது சவுண்ட்பாரோடு வந்த வயர்லெஸ் சப்வூஃபர்; ஆறாவது அறிகுறி அதற்குரியது. கடைசி இரண்டு அறிகுறிகள் எல்லா வகைக்கும் பொது.

அறிகுறி 1: சப்வூஃபரில் விளக்கே எரியவில்லை

முதலில் அதே பிளக் பாயின்ட்டில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். டி.வி. ஸ்டாண்டின் பின்னால் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் ஒரு சாக்கெட் மட்டும் தளர்ந்துபோவது மிகச் சாதாரணம். அடுத்து, பின்புறத்தில் பவர் சுவிட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு அது அணைந்துபோன வீடுகள் உண்டு. கார்டு கழற்றக்கூடியதாக இருந்தால், கம்ப்யூட்டர் மானிட்டரின் பவர் கார்டு பொருந்தும் பட்சத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது ஃபியூஸ். கார்டு செருகும் துளைக்கு மேலேயே சின்னஞ்சிறு தட்டு ஒன்று இருக்கும், அல்லது அருகில் திருகிக் கழற்றும் வட்ட மூடி இருக்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அதைத் திறந்தால், 20 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி ஃபியூஸ் கிடைக்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துக் கூர்ந்து பாருங்கள். உள்ளிருக்கும் மெல்லிய கம்பி நடுவில் சுத்தமாக அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், மின்னழுத்த ஏற்றத்தாலோ வயதாலோ அது போயிருக்க வாய்ப்பு அதிகம். புதியது போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ வெள்ளிப் பூச்சு பூசியது போலவோ இருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள், புதிய ஃபியூஸும் போட்ட மாத்திரத்தில் போகும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாவிட்டால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துச் சோதியுங்கள். மாற்றும்போது பழைய ஃபியூஸின் உலோக மூடியில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவும், முன்னால் ‘டி’ என்ற எழுத்து இருந்தால் மெதுவாக உருகும் அதே வகையும் வாங்க வேண்டும். ஃபியூஸ் இடத்தில் வயர் இழையைச் சுற்றிவிடும் பழக்கத்தைக் கைவிடுங்கள். சில ரூபாய் ஃபியூஸ் காப்பாற்றியிருக்க வேண்டிய போர்டு முழுவதும் அதனால் எரிந்துபோகிறது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சப்வூஃபராக இருந்தால் ஒரு சோதனை கூடுதலாக உண்டு. பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய சிறிய தள்ளு சுவிட்ச் இருக்கலாம். அமெரிக்காவில் வாங்கியது 115இல் இருக்கும். அதை மாற்றாமல் இங்கே 230 வோல்ட்டில் செருகினால் முதல் நொடியிலேயே ஃபியூஸோ பவர் சப்ளையோ போய்விடும். சுவிட்சே இல்லாமல் 120 வோல்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தால், போதிய வாட் தாங்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதை இங்கே பயன்படுத்த முடியாது.

புதிய ஃபியூஸும் உடனே போனால் மூன்றாவது ஃபியூஸ் வாங்க வேண்டாம். அந்த இடத்தில் வீட்டுச் சோதனை முடிகிறது; டெக்னீஷியன் சீரிஸ் பல்ப் (மின்சாரத்தை மட்டுப்படுத்த வரிசையில் இணைக்கும் பல்ப்) வைத்துப் பார்க்க வேண்டிய வேலை அது.

அறிகுறி 2: விளக்கு சிவப்பிலேயே நிற்கிறது

சிவப்பு என்றால் ஸ்டான்ட்பை. பல சப்வூஃபர்களில் சிக்னல் வந்தால் தானாக விழித்து, சிறிது நேரம் சிக்னல் இல்லாவிட்டால் தானாக உறங்கும் ஏற்பாடு இருக்கிறது. பின்புறத்தில் ‘ஆட்டோ’ என்று இருக்கும் சுவிட்சை ‘ஆன்’ பக்கம் தள்ளுங்கள். விளக்கு பச்சையாகவோ நீலமாகவோ மாறி ஒலியும் வந்துவிட்டால் சப்வூஃபர் நலமாக இருக்கிறது, அதை எழுப்பும் அளவுக்குச் சிக்னல் வரவில்லை என்பதுதான் பிழை.

இதற்கான காரணம் பெரும்பாலும் இப்படி அமைந்திருக்கும். ரிசீவரோடு வந்த மைக்கை வைத்துத் தானாக அளவெடுக்கும்போது சப்வூஃபரின் வால்யூம் திருகு மிக உயரத்தில் இருந்திருக்கும். அது அதிகமாக முழங்குவதைக் கேட்ட ரிசீவர், தன் பக்கத்தில் சப்வூஃபர் லெவலை –12 டெசிபல் வரை இறக்கிவிடும். அதன் பிறகு கேபிள் வழியாக வரும் சிக்னல் மிக மெலிந்ததாக இருக்கும். சத்தமாகப் படம் பார்க்கும்போது சப்வூஃபர் விழிக்கும். இரவில் வால்யூமைக் குறைத்துப் பார்க்கும்போது உறங்கிவிடும். மெனுவில் சப்வூஃபர் லெவல் –12 அல்லது அதையொட்டிய அளவில் நின்றால், சப்வூஃபரின் திருகைக் குறைத்துவிட்டு மைக் அளவீட்டை மீண்டும் செய்யுங்கள். லெவல் –3க்கும் 0க்கும் நடுவே வந்து நின்றால் ஆட்டோ சுவிட்ச் பெரும்பாலும் தன் வேலையைச் சரியாகச் செய்யும்.

‘ஆன்’ நிலையில் வைத்தும் சிவப்பு மாறவில்லையென்றால், கேபிளைப் பிடுங்கிவிட்டு, பவர் கார்டையும் அரை மணி நேரம் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள். பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டிருந்தால் சில நேரம் இதனால் விடுபடும். அதற்கும் அசையாவிட்டால் உள்ளிருக்கும் ஸ்டான்ட்பை சப்ளையின் கெபாசிட்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். சதா சூடாக இருக்கும் ரெசிஸ்டர்களுக்கு அருகில் பல ஆண்டுகள் இருந்து அவை வற்றிப்போவது இந்த வகைப் பெட்டிகளில் அடிக்கடி காணும் பழுது. பாகங்களின் விலை சொற்பம், ஆனால் கழற்றிச் சால்டர் வைப்பது பழகிய கைக்குரிய வேலை.

அறிகுறி 3: விளக்கு பச்சையாக இருக்கிறது, ஓசை மட்டும் இல்லை

அதிகம் பேர் வந்து நிற்கும் இடம் இதுதான். குற்றம் சப்வூஃபரிலா, அதற்கு முன்னால் இருப்பவற்றிலா என்பதை ஒரே ஒரு சோதனை பிரித்துவிடும். ஆகவே மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஒரு பக்கம் ஹெட்ஃபோன் பின்னும் மறுபக்கம் சிவப்பு, வெள்ளை பின்களும் உள்ள கேபிள் வேண்டும். மொபைலில் ஹெட்ஃபோன் துளை இல்லையென்றால் டி.வி.யின் ஹெட்ஃபோன் துளையோ பழைய டி.வி.டி. பிளேயரின் ஆடியோ அவுட்டோ போதும். சப்வூஃபரிலிருந்து ரிசீவர் கேபிளைக் கழற்றிவிட்டு, இந்தக் கேபிளின் ஒரு பின்னை ‘எல்.எஃப்.இ.’ அல்லது ‘லைன் இன்’ என்று எழுதியிருக்கும் துளையில் செருகுங்கள். சப்வூஃபர் திருகைக் கால்பங்கில் வைத்து, மொபைலில் மேளமும் பேஸ் கிட்டாரும் கனமாக ஒலிக்கும் பாட்டு ஒன்றைப் பாதி வால்யூமில் ஓடவிடுங்கள். ஒலி உற்பத்தி செய்யும் செயலி இருந்தால் 50 ஹெர்ட்ஸ் வைக்கலாம்; 20 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டாம், காதுக்கு ஒன்றும் கேட்காமலே கோன் தன் எல்லைக்கு மேல் ஆடிவிடும்.

மொபைலில் ஒலிக்கிறது என்றால்

சப்வூஃபர் நலம். இனி கேபிளையும் ரிசீவரையும் மட்டும் பாருங்கள்.

முதலில் கேபிள். டி.வி.டி. பிளேயரோடு வந்த மஞ்சள் நிற வீடியோ கேபிளே சப்வூஃபருக்கு நன்றாகப் பொருந்தும். அதைப் போட்டு ஒலி வந்தால் வேலை முடிந்தது. கேபிளின் பின், கழுத்தருகே மடங்கும் இடத்தில் உள்ளே அறுந்திருப்பது வழக்கம். மல்டிமீட்டரில் நடுப்பின்னுக்கும் நடுப்பின்னுக்கும், வெளிவளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும்; நடுப்பின்னுக்கும் வளையத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. சோதிக்கும்போது கழுத்தை மெல்ல வளைத்துக்கொண்டே சோதித்தால்தான் விட்டுவிட்டு அறுகிற கேபிள் பிடிபடும்.

பிறகு பின் எங்கே செருகியிருக்கிறது என்பது. ரிசீவரின் பின்புறத்தில் ஒரே மாதிரித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. சப்வூஃபர் பிரீ-அவுட்டுக்கு (சப்வூஃபருக்கான சிக்னல் வெளிவரும் துளை) பதிலாக இரண்டாம் அறைக்கான அவுட்டிலோ, ஆடியோ இன்புட்டிலோ, செம்மஞ்சள் நிற டிஜிட்டல் துளையிலோ பின் செருகப்பட்டிருக்கலாம். சப்வூஃபரின் பக்கத்திலும் ‘லைன் இன்’னுக்கு அருகிலேயே ‘லைன் அவுட்’ இருக்கும் மாடல்கள் உண்டு. டார்ச் அடித்து எழுத்தைப் படித்துச் செருகுங்கள், பழைய நினைவை நம்பிச் செருகாதீர்கள்.

அடுத்து ரிசீவரின் மெனு. ஸ்பீக்கர் அமைப்பில் சப்வூஃபர் ‘யெஸ்’ (உண்டு) என்று இருக்க வேண்டும். முன் ஸ்பீக்கர்கள் ‘ஸ்மால்’ என்றும், கிராஸ்ஓவர் (எந்த அளவுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்பது) 80 ஹெர்ட்ஸ் என்றும், சப்வூஃபர் லெவல் 0க்கு அருகிலும் இருக்கட்டும். முன்பக்கத்தில் ‘பியூர் டைரக்ட்’ அல்லது ‘டைரக்ட்’ அழுத்தப்பட்டிருந்தால் பல ரிசீவர்கள் சப்வூஃபருக்குச் சிக்னல் அனுப்புவதையே நிறுத்திவிடும். ‘ஸ்டீரியோ’ அல்லது ‘டால்பி சரவுண்ட்’ பொத்தானை அழுத்தி மாற்றுங்கள். முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் எதாவது செருகியிருந்தாலும் ஸ்பீக்கர் வெளியீடு நின்றுவிடும். பிறகு மெனுவிலேயே இருக்கும் டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கராக இரைச்சல் நகர்ந்து வரும்போது சப்வூஃபரின் முறையில் தாழ்ந்த உறுமல் கேட்க வேண்டும்.

அப்போதும் மௌனம் என்றால், சப்வூஃபர் பிரீ-அவுட்டிலிருந்து வரும் கேபிளை ஏதாவது ஒரு சிறிய ஸ்பீக்கரின் ‘ஆக்ஸ்’ துளையில் கொடுத்து டெஸ்ட் டோனை மீண்டும் ஓட்டுங்கள். மெலிதாகவாவது உறுமல் கேட்டால் ரிசீவர் சரி, எங்கோ ஓர் இணைப்பை விட்டுவிட்டீர்கள். எதுவுமே கேட்கவில்லையென்றால் ரிசீவரை அதன் கையேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி ஃபேக்டரி ரீசெட் செய்து ஒருமுறை பாருங்கள். அதற்கும் பலனில்லையேல் அந்த அவுட்புட் பழுது, ரிசீவரைத்தான் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். சப்வூஃபரைத் தூக்கிச் செல்லாதீர்கள்.

மொபைலிலும் ஒலிக்கவில்லை என்றால்

இனி இரண்டே சந்தேகங்கள்: ஸ்பீக்கர், அல்லது அதை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கரை வீட்டிலேயே சோதித்துவிடலாம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கோனின் இருபுறமும் விரல்களைப் பரவலாக வைத்து நேராக, மெல்ல உள்ளே அழுத்துங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் வழுக்கிச் சென்று திரும்பினால் நல்லது. மணல் உரசுவது போன்ற சரசரப்பு கேட்டாலோ, அசையவே மறுத்தாலோ, காயில் கருகி உருக்குலைந்து சிக்கிக்கொண்டிருக்கிறது. பெட்டியில் காற்று வந்துபோக விட்டிருக்கும் போர்ட் துளையருகே மூக்கை வைத்தால் கருகிய வார்னிஷ் வாடை வருவதும் இதற்குச் சான்று.

கோன் வழுக்கி நகர்ந்தால், பிளக் கழற்றிய நிலையிலேயே, முன்பக்க வலையை எடுத்துவிட்டு ஸ்பீக்கரைச் சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராகத் தளர்த்தி, ஸ்பீக்கரை மெல்ல வெளியே சாய்த்து எடுங்கள். காந்தம் கனமானது, இரண்டு கைகளாலும் தாங்க வேண்டும். முன்வழியாகத் திறக்கும்போது பல பெட்டிகளில் மின்சாரப் பகுதிகள் வெளிப்படாமல் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன என்பதால் இந்த வழியையே பரிந்துரைக்கிறேன். ஆனால் சில பெட்டிகளில் போர்டு மூடப்படாமல் உட்புறமே திறந்திருக்கும். அப்படி இருந்தால் கையை ஸ்பீக்கரின் டெர்மினலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெர்மினலில் இருந்து இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் இரு முனைகளையும் டெர்மினல்களில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்ற ஓசையுடன் கோன் துள்ள வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஓம்ஸில் வையுங்கள்: 4 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் 3 முதல் 3.6 ஓம் வரையும், 8 ஓம் ஸ்பீக்கர் 5.5 முதல் 7 ஓம் வரையும் காட்டுவது இயல்பு. மீட்டர் எல்லையின்மையைக் காட்டினால், டெர்மினலிலிருந்து கோனுக்குப் போகும் பின்னல் கம்பியைப் பாருங்கள். பல ஆண்டுகள் ஆடி ஆடி அது கோனருகே அறுந்திருந்தால், திறமையான கை அதை மாற்றிச் சால்டர் வைத்துவிடும். பின்னல் கம்பி நலமாக இருந்தும் மீட்டர் அசையாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. ரீகாயில் செய்யும் கடைகள் நம்மூர்ச் சிறு நகரங்களிலும் உண்டு. நல்ல வார்ப்புச் சட்டமும் பெரிய காந்தமும் உள்ள ஸ்பீக்கருக்கு அது தகும், மெல்லிய தகரச் சட்ட ஸ்பீக்கருக்குப் புதியது வாங்குவதே மேல்.

கோனைச் சுற்றியுள்ள வளையம் ஸ்பாஞ்சால் ஆனதாக இருந்தால், விரலால் தொட்டுப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் அது பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். வளையம் கிழிந்த ஸ்பீக்கரைத் தொடர்ந்து ஓட்டினால் காயில் கோணி உரசிப்போகும். வளையத்தை மட்டும் அப்போதே மாற்றினால் மொத்தச் செலவும் குறையும்.

ஸ்பீக்கர் நலமாக இருந்தால் பழுது ஆம்ப்ளிஃபையரில் இருக்கிறது. இங்கே நிறுத்திக்கொண்டு டெக்னீஷியனை அழையுங்கள். அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஐ.சி.யோ போவது, சப்ளை கெபாசிட்டர் உப்பிப்போவது, பாகங்களை ஒட்டவைத்த பழுப்பு நிறப் பசை ஆண்டுகள் செல்லச்செல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவது, இடைவிடாத அதிர்வில் சால்டர் விரிசல் விடுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். நம் ஊர்களில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். போர்ட் துளை வழியாகப் பல்லியும் எறும்பும் உள்ளே போய்க் கதகதப்பான போர்டில் குடியேறிவிடுகின்றன. பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்து ஷார்ட் ஆன போர்டுகளைப் பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். துளையின் உட்புறமாக மெல்லிய நைலான் வலையை ஒட்டிவிட்டால் பேஸும் கெடாது, பல்லியும் நுழையாது.

அறிகுறி 4: படத்தில் முழங்குகிறது, பாட்டிலும் டி.வி. நிகழ்ச்சியிலும் ஒன்றுமில்லை

இது பழுதே அல்ல, அமைப்பு. 5.1 ஒலியில் புள்ளிக்குப் பின்னுள்ள அந்த 1, சப்வூஃபருக்கென்றே ஒதுக்கிய தனிச் சேனல் (எல்.எஃப்.இ.). பாட்டு, செய்தி, பெரும்பாலான யூடியூப் காணொலிகள் ஆகியவை இரண்டு சேனல் ஒலிதான். அவற்றில் அந்தச் சேனலே கிடையாது. முன் ஸ்பீக்கர்களிலிருந்து தாழ்ந்த ஒலியைப் பிரித்து அனுப்பினால்தான் சப்வூஃபருக்கு வேலை கிடைக்கும். முன் ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று இருந்தால் ரிசீவர் எதையும் பிரிக்காது. ‘ஸ்மால்’ ஆக்குங்கள், பெரிய ஸ்பீக்கர்களை ‘லார்ஜ்’ ஆகவே வைத்திருக்க விரும்பினால், சப்வூஃபர் பயன்முறையை ‘எல்.எஃப்.இ. பிளஸ் மெயின்’ என்று மாற்றுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி இதன் பெயர் மாறும்.

படத்திலும் முழக்கம் மெலிந்திருந்தால் டி.வி.யின் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். ஆப்டிக்கல் அல்லது ஏ.ஆர்.சி. வெளியீடு ‘பி.சி.எம்.’ என்று இருந்தால், 5.1 ஒலி பல டி.வி.களில் இரண்டு சேனலாகச் சுருங்கித்தான் ரிசீவருக்கு வரும்; ‘பிட்ஸ்ட்ரீம்’, ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ ஆக்குங்கள். செட்-டாப் பாக்ஸிலும் இதே போன்ற ஒரு வரி இருக்கும். மாற்றிய பிறகு ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்று தெரிகிறதா என்பதே அத்தாட்சி.

அறிகுறி 5: பவர் கார்டு இல்லாத சப்வூஃபர்

டி.வி.டி. பிளேயரோடு ஒரே பெட்டியாக வாங்கிய செட்டுகளில் சப்வூஃபரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் மெயின் யூனிட்டுக்குள் இருக்கிறது. வயர் முனையில் பிளாஸ்டிக் கனெக்டர் இருந்தால் கழற்றி, முனைகளைத் துடைத்து, மீண்டும் அழுத்திச் செருகுங்கள். வெறும் வயராக இருந்தால் ஒரு செப்பு இழை பக்கத்து டெர்மினலைத் தொடுகிறதா என்று கண்ணருகே வைத்துப் பாருங்கள். முகப்பில் ‘புரொடெக்ட்’ என்று வந்தால், எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள்: எழுத்து மறைந்தால் ஏதோ ஒரு வயரில் அல்லது ஸ்பீக்கரில் ஷார்ட், ஒவ்வொன்றாகச் செருகும்போது குற்றவாளி தானாகத் தெரியும், மறையாவிட்டால் மெயின் யூனிட்டின் ஆம்ப்ளிஃபையர் போய்விட்டது.

உள்ளூரில் அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையராக இருந்தால் முதலில் சப்வூஃபர் வால்யூமை முழுவதுமாக இப்படியும் அப்படியும் சில முறை சுழற்றுங்கள். கரகரவென்று ஒலி வந்து போனால் அந்தக் கன்ட்ரோலின் கார்பன் தேய்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் தற்காலிகம், மாற்றுவதே நிரந்தரம். அதில் குறை இல்லையென்றால் உள்ளே பார்ப்பது அசெம்பிள் செய்தவரின் வேலை. அவர் செய்யும் சோதனை எளியது: சப்வூஃபர் ஆம்ப் போர்டின் இன்புட்டை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொடுவார். உறுமல் வந்தால் ஆம்ப் நலம், அதற்கு முன்னால் உள்ள ஃபில்டர் போர்டில்தான் பிழை. அதில் இருக்கும் 4558 ஐ.சி.யின் 8ஆம் காலிலும் 4ஆம் காலிலும் சப்ளை வருகிறதா என்று பார்ப்பார்; வராவிட்டால் 7812, 7912 ரெகுலேட்டர்களைப் பார்ப்பார். இரண்டுமே மிக மலிவான பாகங்கள், ஆகவே முழு போர்டையும் மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

அறிகுறி 6: சவுண்ட்பாரின் வயர்லெஸ் சப்வூஃபர்

விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் இணைப்பு இல்லை. நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது. மினுக்கினால், சவுண்ட்பார், சப்வூஃபர் இரண்டின் பிளக்குகளையும் கழற்றி ஐந்து நிமிடம் விட்டு, முதலில் சப்வூஃபருக்கும் பிறகு சவுண்ட்பாருக்கும் மின்சாரம் கொடுங்கள். அப்படியும் சேராவிட்டால் சப்வூஃபரின் பின்னால் ‘பேரிங்’, ‘லிங்க்’ அல்லது ‘ஐடி செட்’ என்று எழுதிய சிறு பொத்தானை, மாடலின் கையேட்டில் சொன்ன வரிசைப்படி அழுத்திப் பிடியுங்கள். இது சவுண்ட்பாரோடு மட்டுமே பேசும் தனி இணைப்பு என்பதால் மொபைலின் ப்ளூடூத் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. சப்வூஃபரை இரும்பு பீரோவின் மறைவிலோ வைஃபை ரவுட்டரின் பக்கத்திலோ வைக்க வேண்டாம்.

விளக்கு நிலையாக எரிந்தும் ஒலி இல்லையென்றால் ரிமோட்டில் சப்வூஃபருக்கென்று இருக்கும் தனி வால்யூமையும், ‘நைட்’ பயன்முறையையும் பாருங்கள். அதற்கும் அப்பால் வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. வயர்லெஸ் போர்டை வெளிக் கடைகளில் பழுது பார்ப்பது அரிது. வாரன்டி தேதியைப் பார்த்துவிட்டுக் கம்பெனி சர்வீஸை அழையுங்கள்.

அறிகுறி 7: சிறிது நேரம் ஒலித்துவிட்டு நின்றுவிடுகிறது

எப்போது நிற்கிறது என்பதைக் குறித்துவையுங்கள். குறைந்த வால்யூமில் நின்றால் இரண்டாவது அறிகுறியில் சொன்ன ஆட்டோ உறக்கம். உச்ச வால்யூமில் நின்று, ஆறியதும் திரும்பி வந்தால் வெப்பப் பாதுகாப்பு. பின்புறத் தகடு சுவரோடு ஒட்டியோ டி.வி. யூனிட்டின் அறைக்குள் அடைபட்டோ இருந்தால் ஒரு சாண் இடம் விடுங்கள். இடம் விட்டும் நிலைமை மாறாவிட்டால் காயில் சூடாகும்போது மட்டும் தொடர்பு அறுகிறதா என்று, நின்றுபோன அந்தக் கணத்திலேயே பிளக்கைக் கழற்றி ஸ்பீக்கரை மீட்டரில் பார்க்க வேண்டும்.

வால்யூமுக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லாமல் நின்றால், குறைந்த ஒலியில் ஓடவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுங்கள். தட்டுக்குத் தட்டு ஒலி வந்து போனால் லூஸ் கான்டாக்ட் அல்லது விரிசல் விட்ட சால்டர். காலையில் போட்டதும் ஒலிக்காமல், பத்துப் பதினைந்து நிமிடம் சூடான பிறகே ஒலித்தால் வற்றிப்போன கெபாசிட்டர். இதை நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள், சப்ளை தடுமாறும்போது மற்ற பாகங்களும் கூடவே போகும்.

அறிகுறி 8: கோன் அசைகிறது, உட்காரும் இடத்தில் மட்டும் கேட்கவில்லை

பேஸ் கனமான பாட்டை ஓடவிட்டு அறை முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள். மூலைகளில் முழங்கி, சோஃபாவில் வந்து உட்கார்ந்ததும் காணாமல் போனால் எந்தப் பாகமும் கெடவில்லை. 14 அடி நீளமுள்ள ஹாலில் ஏறத்தாழ 40 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களருகே ஓங்கி, சரியாக நடுவில் அமுங்கிப்போகும். பலர் வீட்டில் சோஃபா இருப்பது அந்த நடுவில்தான். சோஃபாவை ஓரிரு அடி பின்னுக்கு நகர்த்துங்கள். நகர்த்த வழியில்லையென்றால் சப்வூஃபரைத் தற்காலிகமாகச் சோஃபாவின் இடத்தில் வைத்து ஓடவிட்டு, சப்வூஃபர் வைக்கக்கூடிய மூலைகளில் குனிந்து தரையருகே கேட்டு வாருங்கள். எங்கே முழக்கம் சீராகவும் நிறைவாகவும் கேட்கிறதோ அதுவே அதற்கு உரிய இடம்.

கூடவே ‘ஃபேஸ்’ சுவிட்சை 0, 180 என்று மாற்றி, உட்கார்ந்த இடத்தில் எதில் அதிகம் கேட்கிறதோ அதில் விடுங்கள். சப்வூஃபரின் கிராஸ்ஓவர் திருகு, ரிசீவர் இருக்கும் அமைப்பில், எப்போதும் உச்சத்தில் இருக்க வேண்டும். 50இல் இருந்தால் ரிசீவர் அனுப்பிய ஒலியில் பாதியைப் பெட்டியே விழுங்கிவிடும்.

டெக்னீஷியனிடம் கொடுக்கும்போது

விளக்கின் நிறம், மொபைல் சோதனையின் முடிவு, ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆகிய மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுங்கள். பாதித் தேடுதல் அங்கேயே முடிந்துவிடும். பின்புறத் தகட்டை மட்டும் கழற்றிக் கொடுத்தால் போதும் என்று அவர் சொன்னாலும், அதை அவரே கழற்றட்டும். மாற்றிய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் பழுது பார்த்து வந்தால் ஸ்பீக்கரை இணைப்பதற்கு முன், ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் முனையில் டி.சி. வோல்ட் எவ்வளவு என்று அவரையே உங்கள் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் இணைக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால், கோனை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக் காயிலைச் சுடும் மின்சாரம் அது. முன்பு ஸ்பீக்கர் எரிந்ததற்கும் அதுவே காரணமாக இருந்திருக்கலாம். புதிய காயில் கட்டிய ஸ்பீக்கரை அந்த ஆம்ப்ளிஃபையரோடு இணைக்க விடாதீர்கள்.